இராமநாதபுரம் கடலோரத்தில் ஈமக்காடு பார்க்கப் போகிறவர்களுக்கு

ஈமக்காடு என்றால் பழங்காலத்தில் இறந்தோரைப் புதைத்த இடம். கொங்குநாட்டில் அங்கே நிற்கிற கல்வட்டங்களையும் ஆளுயரக் குத்துக்கற்களையும் நினைத்துக்கொண்டு இராமநாதபுரம் கடலோரத்துக்கு வந்தால் ஏமாந்துபோவீர்கள். இது மணலும் வண்டலும் படிந்த பூமி. கருங்கல் வெளியிலிருந்துதான் வரவேண்டும். இரும்புக்காலத்தில் இந்தப் பக்கம் இறந்தோரைப் பெரும்பாலும் தாழி எனும் பெரிய மண்பானையில் இட்டே புதைத்தார்கள்.

அப்படியானால் வழியில் நிற்கிற கற்கள்? இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் கிடத்தியிருந்தால் அது சுமைதாங்கி. கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாக வைப்பது. கண்மாய், ஊருணிப் பக்கம் தனியாக நின்று, மாடு உரசி உரசிப் பக்கமெல்லாம் வழவழத்திருந்தால் ஆவுரிஞ்சி. திரிசூலம் வெட்டியிருந்தால் சிவன் கோயில் நிலத்தின் எல்லை, சக்கரம் என்றால் பெருமாள் கோயிலுடையது. ஈமக்கல்லில் பெரும்பாலும் உளி பட்டிருக்காது, எழுத்தோ உருவமோ இருக்காது. மாலையோ மஞ்சளோ கண்டால் அது கும்பிடுகிற கல்; செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

தாழியைத் தேட வெயில் ஏறுமுன் போங்கள். சாய்வெளிச்சத்தில்தான் தரையோடு தரையாகத் தேய்ந்த விளிம்பு வட்டமாகத் தெரியும். விரல்கனத்துக்கும் மேல் தடித்த, சொரசொரப்பான ஓடு. கழுத்தைச் சுற்றிக் கயிறு ஒட்டியதுபோல விரலால் அழுத்திய பட்டை இருக்கலாம். கூடவே உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமாக மெல்லிய ஓடு கிடந்தால் நல்ல அடையாளம். பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் வந்த நிறம் அது. ஓடு மட்டும் சிதறிக் கிடந்தால் ஈமக்காடு என்று முடிவுகட்டாதீர்கள். பழைய குடியிருப்பு மேடாகவும் இருக்கலாம். வைகை முகத்துவாரத்து அழகன்குளம் அப்படித்தான்: துறைமுக ஊர், ரோமானியக் காசுகள் கிடைத்த இடம். அங்கே தோண்டியதை மூடிவிட்டார்கள், கிடைத்த பொருள்களை இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் அரண்மனையில் பாருங்கள். முதலில் அங்கே போய்க் கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது.

மாதம் என்றால் தை, மாசி. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க்கரை சேறு. ரப்பர் செருப்பு வேண்டாம். சீமைக்கருவேல முள் அடிப்பாகத்தைத் துளைத்து ஏறிவிடும். இடம் பெரும்பாலும் பட்டா நிலம், நிலத்துக்காரரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். விசாரிக்க ஆடு மேய்ப்பவர்களே தோது. “முதுமக்கள் தாழி” என்றால் விழிப்பார்கள், “மண்ணுக்குள்ள பெரிய பானை வாய் தெரியுற இடம் இருக்காண்ணே?” என்று கேளுங்கள்.

ஒரு சில்லைக்கூடப் பையில் போடக்கூடாது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோவது குற்றம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ட்ரோனையும் சாட்டிலைட் போனையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். விமான நிலையத்திலேயே சிக்கல், இதுவோ இலங்கையைப் பார்த்த கடற்கரை.

புதைந்த நிலையிலேயே தாழியைப் பார்த்தாக வேண்டும் என்றால் ஆதிச்சநல்லூர். அகழ்ந்த குழிமேல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடி வழியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். மதுரையில் இறங்கி வருகிறவர்களுக்குக் கீழடி போகிற வழியிலேயே இருக்கிறது. அந்த ஊரின் ஈமக்காடு பக்கத்துக் கொந்தகை. அருங்காட்சியகத்தின் வார விடுமுறையை முன்னாடியே விசாரித்துக்கொண்டு வண்டி பேசுங்கள்.