குடியை விட உதவும் குழுக் கூட்டம்: தேடுவது முதல் உள்ளே போய் உட்காருவது வரை

முகவரியைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். அந்த முகவரிக்கும் உள்ளே போட்டிருக்கும் நாற்காலிக்கும் நடுவில்தான் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். நேரம் மாறியிருக்கும், முன்வாசல் பூட்டியிருக்கும், கூட்டம் பின்கட்டில் நடந்துகொண்டிருக்கும். தயங்கித் தயங்கி வந்த மனசுக்கு இது போதும், "நமக்கு இதெல்லாம் சரிவராது" என்று சொல்லிவிடும். அதனால் தேடுவதைவிடச் சரிபார்ப்பதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே கைநடுக்கம், வியர்வை தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்குப் பிறகு சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். இதைக் கூட்டத்தில் கவனிக்க முடியாது. முதலில் மருத்துவரிடம் போங்கள், கூட்டத்தையும் கூடவே தேடுங்கள்.

எந்தக் குழு? உலகம் முழுக்கப் பரவலாக இருப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. குடிநோயிலிருந்து மீண்டு வருபவர்களே நடத்துவது, பன்னிரண்டு படிகளை அடிப்படையாகக் கொண்டது. கடவுள் என்ற சொல் காதில் விழும். ஆனால் நம்பிக்கை இருந்தால்தான் சேரலாம் என்ற விதி இல்லை, குடியை நிறுத்தும் விருப்பம் மட்டும் போதும். அந்தச் சொல்லே ஒத்துவராது என்பவர்களுக்கு ஸ்மார்ட் ரிக்கவரி இருக்கிறது. அங்கே படிகள் கிடையாது, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சிகள்தான். குடிப்பவரின் குடும்பத்தாருக்குத் தனியாக அல்-அனான் உண்டு, அவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் போகலாம்.

இணையத்தில் தேடும்போது அமைப்பின் பெயரையும் உங்கள் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். 'குடி மறுவாழ்வு' என்று பொதுவாகத் தேடினால் கட்டண மையங்களின் விளம்பரம்தான் முதலில் வந்து நிற்கும். கூப்பிட்டதும் காப்பீடு, முன்பணம் என்று பேச்சு போனால் அது நீங்கள் தேடிய இடமில்லை. ஏ.ஏ. கூட்டத்துக்குக் கட்டணமும் கிடையாது, பெயர்ப் பதிவும் கிடையாது. ஏ.ஏ. கூட்டங்களைக் காட்ட 'மீட்டிங் கைடு' என்ற இலவசச் செயலி இருக்கிறது. அதில் உங்கள் ஊர் இல்லையென்றால் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள்.

பட்டியலில் 'க்ளோஸ்டு' என்று போட்டிருந்தால், வெளியாளுக்கு இடமில்லை என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அர்த்தம் அதுவல்ல. குடிப்பிரச்சினை உள்ள, அதை விட விரும்புகிறவர்களுக்கு மட்டுமான கூட்டம் அது. அப்படியென்றால் அது உங்களுக்கானதுதான். துணைக்கு மனைவியையோ நண்பரையோ அழைத்துப் போவதானால் 'ஓப்பன்' கூட்டமாகப் பாருங்கள்.

இப்போது அந்தக் குழுவின் எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். முழுப்பெயர் வேண்டாம். "நான் புதுசு, வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வரலாம்னு இருக்கேன்" என்று தொடங்கினால் போதும். அந்தக் கூட்டம் இப்போதும் நடக்கிறதா, எத்தனை மணிக்கு, எந்த வாசல், எந்த மாடி, எந்த மொழியில் பேசுவார்கள் என்று கேளுங்கள். பெண்களுக்கு மட்டுமான கூட்டம் வேண்டுமென்றால் அதையும் கேளுங்கள். கடைசியாக, "வாசலில் யாராவது நிற்க முடியுமா?" என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் மற்றக் கேள்விகள் எல்லாவற்றையும்விட இதுதான் உதவும். பெரும்பாலும் யாராவது ஒருவர் வந்து நிற்பார். எடுப்பவர்கள் தன்னார்வலர்கள் என்பதால் முதல் அழைப்பை எடுக்காமல் போகலாம். மாலையில் மறுபடி கூப்பிடுங்கள்.

பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். கூட்டம் பொதுவாக ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம் நடக்கும். உங்கள் முறை வந்தால் "இன்னைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். காணிக்கைப் பை சுற்றி வரும், புதியவர் போட வேண்டியதில்லை. ஏ.ஏ.வில் ஒருவர் பேசி முடித்ததும் பெரும்பாலும் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், அடுத்தவர் தொடங்கிவிடுவார். பாராமுகமாகத் தோன்றும், உண்மையில் ஒருவரை இன்னொருவர் எடைபோடக் கூடாது என்பதற்கான வழக்கம் அது. அன்று குடித்திருந்தாலும் அமைதியாக இருந்தால் பொதுவாக உட்காரவிடுவார்கள், வண்டி மட்டும் ஓட்டாதீர்கள்.

ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்பதற்காகக் கணக்கை மூடிவிட வேண்டாம். ஒவ்வொரு குழுவும் தன்னிச்சையாக நடப்பது. ஒன்றில் வயதானவர்களாக இருப்பார்கள், இன்னொன்றில் ஒரே இரைச்சலாக இருக்கும். ஐந்தாறு கூட்டமாவது பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பக்கத்தில் எதுவுமே இல்லையென்றால் இணையவழிக் கூட்டங்கள் உண்டு. திரையில் தெரியும் உங்கள் முழுப்பெயரை உள்ளே நுழையும் முன்பே சுருக்கிவிடுங்கள், காதொலிப்பானைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். முக்கியமான பேச்சு நாற்காலியை மடக்கும்போதுதான் நடக்கும். இரண்டு பேரிடமாவது எண் வாங்கிக்கொண்டு, மறுநாளே சும்மா ஒருமுறை கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். முன்பே பேசிப் பழகிய எண்ணாக இருந்தால்தான், குடிக்கத் தோன்றும் ராத்திரியில் விரல் அதை அழுத்தும்.