கறுப்பு மணல் எப்படிச் சுரங்கமாகிறது: அரிக்கன் சட்டியிலிருந்து துறைமுகம் வரை

ஆபிரிக்காவில் கனிம வேலை கிடைக்குமா என்று முல்லைத்தீவுப் பெடியள் என்னிடம் கேட்பதுண்டு. அரிக்கன் சட்டி பிடிக்கத் தெரியுமா என்று நான் திருப்பிக் கேட்பேன். பகிடி இல்லை. கென்யாவின் க்வாலேயில், கனிம மணல் மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன் நான். அங்கே பெரிய ஆலை செய்ததும், வீட்டில் அம்மா அரிசியில் கல் அரிப்பதும் ஒரே வேலைதான். பாரமானது அடியில் தங்கும், இலேசானது தண்ணீரோடு போகும்.

ஆகவே சட்டியிலிருந்தே தொடங்குங்கள். முல்லைத்தீவுக் கரையில் கொக்கிளாய், நாயாறுப் பக்கம் கடல் கொந்தளித்து அடங்கிய பிறகு கரையில் கறுப்புக் கோடுகள் தெரியும். ஒரு சிரட்டை மணல் போதும். ஆட்கள் புழங்கும், கண்ணிவெடி அகற்றியதாக உறுதி செய்யப்பட்ட இடத்தில் மட்டும் அள்ளுங்கள். (மொசாம்பிக்கும் இந்தப் பயத்தோடு வாழ்ந்த நாடுதான். கண்ணிவெடி இல்லாத நாடென்று 2015இல்தான் அறிவித்தார்கள்.) பார்த்து முடிந்ததும் அதே இடத்தில் கொட்டிவிடுங்கள். இலங்கையின் 1992ஆம் ஆண்டுச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் கனிமம் தோண்டுவது குற்றம்.

சட்டியைச் சாய்த்துச் சுழற்றுங்கள். வெள்ளை மணல் விளிம்பால் வழியும். உள்ளே இருக்கும் வரிகளில் கறுப்பு மணல் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டால் கறுப்பும் சேர்ந்தே போய்விடும். மிஞ்சியதைக் காயவைத்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டு மேலே பிடியுங்கள். ஒட்டுவது மக்னடைட் என்ற இரும்புக் கனிமம். பிறகு பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய பலமான காந்தத்தைப் பிடியுங்கள். இப்போது டைட்டேனியம் உள்ள இல்மனைட் எழும்பும், இளஞ்சிவப்புக் கார்னட்டும் கூடவே வரும். அடியில் கிடப்பதில் சிவப்புக் கலந்த கறுப்பு, டைட்டேனியம் உள்ள ரூட்டைல், கண்ணாடி போல் மினுங்குவது சிர்க்கன். நாணயத்தாள் சோதிக்கும் புறஊதா விளக்கை இருட்டில் பிடித்தால் சில சிர்க்கன் மணிகள் செம்மஞ்சளாக ஒளிரலாம். முதல் தரம் பார்க்கிறவர் யாரும் வாய் திறக்காமல் இருந்ததில்லை.

சரி, கறுப்பு இருக்கிறது. அதனால் சுரங்கம் வந்துவிடுமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், காசு போடுபவர்களும் சேர்த்து. நமக்குப் பக்கத்துப் புல்மோட்டைக் கரை மணலில் பாதிக்கு மேல் கறுப்பு. மொசாம்பிக்கின் மோமாவில் நூற்றுக்கு நாலைந்து பங்குதான். ஆனாலும் மோமா 2007இலிருந்து ஏற்றுமதி செய்கிறது, காரணம் அதன் பரப்பு. ஒரு சட்டியைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, துளையிட வேண்டும்.

மணலில் வழக்கமாகக் காற்றடித்துத் துளையிடுவார்கள். ஓரிரண்டு மீற்றருக்கு ஒரு பை மாதிரி வரும். கட்டம் போட்டுத் துளைகளை வைக்க வேண்டும், கறுப்புத் தெரியும் இடத்தில் மட்டும் குத்தினால் கணக்குப் பொய்க்கும். ஆய்வுகூடத்தில் மாதிரியைக் காயவைத்து நிறுத்து, களியைக் கழுவி வெளியேற்றி, மிச்சத்தைப் பாரமான திரவத்தில் போடுவோம். அதில் குவார்ட்ஸ் மிதக்கும், கனிமம் மூழ்கும். மூழ்கியதெல்லாம் காசு இல்லை. அதை நுணுக்குக்காட்டியில் பார்த்து, எது இல்மனைட், எது வெறும் கார்னட் என்று எண்ண வேண்டும். அறிக்கையில் 'பாரக் கனிமம் இத்தனை வீதம்' என்று மட்டும் போட்டு, உள்ளே என்னவென்று சொல்லாமல் விட்டிருந்தால் அந்த அறிக்கையை மூடிவையுங்கள். களியின் வீதமும் அவசியம். களி கூடினால் தண்ணீரும் செலவும் கூடும், கழிவுக் குளமும் பெரிதாகும். துளைகள் ஐதாக இருந்தால் அந்த அளவை 'ஊகிக்கப்பட்டது' என்ற அடிப்படியில்தான் எழுதலாம். வங்கி கடன் கொடுப்பது அதற்கடுத்த படிகளுக்குத்தான்.

பிறகு தண்ணீர், மின்சாரம், துறைமுகம். மணலை விட இவைதான் திட்டத்தைக் கொல்லும். க்வாலேயில் சுரங்கத்துக்காகவே முகுருமுட்சி ஆற்றில் அணை கட்டினார்கள். சரக்கு ஐம்பது கிலோமீற்றர் அளவு வீதியால் மொம்பாசாத் துறைமுகத்துக்குப் போனது, அங்கே லிக்கோனியில் ஏற்றுவதற்குத் தனி வசதி இருந்தது. மோமாவில் துறைமுகமே இல்லை. இறங்குதுறையில் படகுக்கு ஏற்றி, ஆழ்கடலில் நிற்கும் கப்பலுக்கு மாற்றுகிறார்கள். க்வாலே மணலை 1990களில் தேடத் தொடங்கியவர்கள் ஒரு கம்பனி, 2013 கடைசியில் உற்பத்தி தொடங்கியவர்கள் இன்னொரு கம்பனி. இரண்டு வருடத்தில் இலாபம் என்று யாராவது சொன்னால், தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடுங்கள்.

சனத்தின் பங்கை எழுத்தில் பாருங்கள். கென்யாவின் 2016 சுரங்கச் சட்டப்படி, கம்பனி அரசுக்குக் கட்டும் உரிமைக்கட்டணத்தில் 70 வீதம் மத்திய அரசுக்கு, 20 மாவட்ட அரசுக்கு, 10 அந்த இடத்து மக்களுக்கு. நம் ஊரில் அப்படியொரு பிரிப்பு இருந்தால் நல்லது என்பது என் எண்ணம். தென்னை, கஜு, கல்லறை என ஒவ்வொன்றையும் துளையிட வரும் முன்பே ஊர்க்காரரோடு நின்று எண்ணி எழுதுங்கள். இயந்திரம் வந்த பிறகு எண்ணினால் சண்டைதான்.

மணலில் வரும் மொனசைட் என்ற கனிமத்தைப் பற்றியும் கேளுங்கள். மஞ்சள் மணி, அதிலிருக்கும் அருமண் உலோகத்துக்கு விலை உண்டு, ஆனால் தோரியம் இருப்பதால் கதிர்வீச்சு. அதை எங்கே வைப்பார்கள், யார் அளப்பார்கள் என்பதற்குத் திட்டத்தில் பதில் இருக்க வேண்டும்.

கடைசியாக மூடுவது. க்வாலேயில் 2024 டிசம்பரில் அகழ்வு நின்றுவிட்டது, மொத்தம் பதினொரு வருடம். ஆகவே மூடும் செலவுக்கான பிணைப்பணம் யாரிடம் இருக்கிறது என்று முதல் நாளிலேயே கேட்கலாம். கழுவிய மணல் தண்ணீர் பிடிக்காது, களியைத் திரும்பக் கலந்தால்தான் ஏதாவது முளைக்கும். மேல்மண்ணை வேறாகக் குவித்து வைத்திருக்கிறார்களா, மணலோடு சேர்த்து அள்ளிவிட்டார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள்.