ஜமாவோடு கூத்துப் பழகப் போகும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் கடைசியில் கல்லூரி லீவு விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு தெருக்கூத்து வாத்தியார் வீட்டு வாசலில் போய் நிற்பதுதான் நிகழ்த்துகலை மாணவர்கள் செய்யும் முதல் தவறு. வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கம் பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. ஓர் ஊரில் பத்து ராத்திரி ஆடுவார்கள், சில ஊரில் அதற்கு மேலும் போகும். முடிந்த கையோடு அடுத்த ஊருக்கு வண்டி ஏற வேண்டும். அந்த மாதங்களில் ஜமாக்காரர்களுக்கு, அதாவது கூத்துக் குழுவினருக்கு, தூங்கவே நேரம் இருக்காது, உட்கார வைத்து அடவு என்ற ஆட்ட அசைவுகளைச் சொல்லித்தர எங்கே நேரம்?

பாடம் கேட்கத் தோதான காலம் ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்கள். அப்போதும் கூத்து அடியோடு நின்றுவிடாது, சாவு வீட்டுக் காரியத்துக்குக் கர்ண மோட்சம் வைப்பார்கள். ஆனால் வாரத்தில் பாதி நாள் வாத்தியார் வீட்டில் இருப்பார். அப்போது தாளமும் நாலைந்து பாட்டும் பழகிக்கொண்டு, சித்திரையில் ஜமாவோடு ஊர் ஊராகப் போகலாம். முதல் சீசனில் வேஷம் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள்.

எந்த ஜமா என்பதையும் யோசித்துத்தான் சேர வேண்டும். வட ஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது, 2019இல் வேலூர் மாவட்டம் மறுபடி மூன்றானது. கூத்தாடப் போகிறவர்கள் சுற்றும் எல்லை மட்டும் இன்னும் பழைய ஜில்லாதான். இங்கே ஆடுவது வடக்கத்திப் பாணி, விழுப்புரம் பக்கத்துத் தெற்கத்திப் பாணியிலிருந்து அடவிலும் பாட்டு எடுப்பிலும் மாறும். வடக்கத்திக்குள்ளேயே ஜமாவுக்கு ஜமா மெட்டு வேறுபடும். ஒரே நேரத்தில் இரண்டு வாத்தியாரிடம் போனால் ஒரே தருவை, அதாவது தாளத்தோடு பாடும் பாட்டை, இரண்டு எடுப்பில் கற்றுக்கொண்டு, கூத்தாடும் இடமான களரியில் எதுவும் வராமல் முழிக்க நேரும். ஒரு ஜமாவில் ஒரு சீசன் முழுக்க இருந்துவிட்டு மற்றதைப் பாருங்கள். 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழு மூலமாக நவீன நாடகக்காரர்கள் பலர் புரிசை ஊர்க் கூத்துக்காரர் கண்ணப்பத் தம்பிரானிடம் பயின்றார்கள். கூத்துக்காரரிடம் வெளியாள் கற்றுக்கொள்வது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. வாத்தியார் தயங்கினால் உங்கள் ஊரும் சாதியும் காரணம் என்று முடிவுகட்டாதீர்கள். பத்து நாளில் ஓடிவிடுவீர்கள் என்ற சந்தேகமாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும்.

தாளத்தை விட்டுவிட்டுப் பாட்டைப் பிடிப்பது

மாணவர்கள் வந்ததும் பாட்டு நோட்டைக் கேட்பார்கள். வாத்தியார் கையில் ஜால்ராவைக் கொடுத்தால் முகம் சுருங்கும். “தாளத்த வுட்டுட்டு பாட்ட புடிச்சிக்கினா இன்னா பண்றதுபா?” என்பது இங்கே எல்லா வாத்தியாருமே சொல்கிற வசவு. அதில் நியாயம் இருக்கிறது. மிருதங்கம், டோலக், முகவீணை என்ற ஊதுகருவி, ஆர்மோனியம் எல்லாம் ஜால்ராவின் மேல்தான் உட்கார்கின்றன. ஒரு ராத்திரி முழுக்க, எட்டு மணி நேரம் தாளம் ஓடாமல் ஜால்ரா போட்டவருக்கு எந்தப் பாட்டு எங்கே வேகம் எடுக்கும், மிருதங்கக்காரர் தீர்மானம் (முடிப்புத் தட்டு) வைக்கப் போவதை எந்தத் தட்டு காட்டிக்கொடுக்கும் என்பது தானாகப் பிடிபடும். விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கத்தில் தாளம் ஓடத்தான் செய்யும். அந்த நேரத்தில் வேஷக்காரரின் காலைப் பாருங்கள். மிருதங்கக்காரரின் கையைப் பார்த்துக்கொண்டே போட்டால் ஒரு நூல் பின்தங்குவீர்கள்.

அடுத்த படி பின்பாட்டு. வேஷக்காரர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார், பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள், அந்த இடைவெளியில் அவர் ஆடுவார், மூச்சு வாங்குவார். சபா மேடைக்குப் பழகிய மாணவர் களரியில் முழுப் பாட்டையும் தானே பாடி முடிக்கப் பார்ப்பார். நாலாவது தருவிலேயே மூச்சு முட்டும். அடியின் கடைசிச் சீரை விட்டுக்கொடுக்கப் பழக வேண்டும். எங்கே விடுவது என்பது பின்பாட்டில் உட்கார்ந்தால்தான் புரியும்.

சுருதியில் பலருக்குத் தொண்டை போய்விடுகிறது. கர்நாடக சங்கீதம் படித்த ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடிப் பழகியிருப்பார்கள். கூத்துக்காரர்களுக்கு நாலு, ஐந்து கட்டை சாதாரணம். முதல் நாளே அந்த உயரத்துக்குக் கத்தக் கூடாது. இரண்டு வாரத்துக்கு அரைக் கட்டை என்று ஏற்றுங்கள், ஏற்றும்போது தாடையையும் கழுத்து நரம்பையும் இறுக்காதீர்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்துக் குரல் அது. இப்போது முன்னால் மைக் தொங்குகிறது, பலமாகப் பாடினால் போதும், அலற வேண்டியதில்லை. தொண்டை கட்டிக்கொண்டால் ஒரு வாரம் ஜால்ராவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிசுகிசுவென்று பேசுவதும் தொண்டைக்குச் சுமைதான். மூன்று வாரம் ஆகியும் குரல் தெளியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள், வேலூரில் டாக்டருக்குப் பஞ்சமா?

திரை

மரத்தால் ஆன கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய கட்டை வேஷக்காரர் களரிக்குள் வருவதே தனி நிகழ்ச்சி. இரண்டு பேர் ஒரு துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து நிற்பார்கள். உள்ளிருந்து விருத்தம் கிளம்பும். அதற்குத் தாளம் கிடையாது, ஆர்மோனியம் கூடவே இழையும். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கைக் காலும்தான் தெரியும். பிறகு தரு பிடித்ததும் மேளம் ஏறும். வேஷக்காரர் திரையின் ஓரத்தைப் பிடித்துச் சற்றே இறக்கி முகம் காட்டி மறைவார், பக்கவாட்டில் தோளைக் காட்டுவார். கூட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து உட்கார்வார்கள். துரியோதனன் மாதிரி பெரிய வேஷத்துக்கு இது அரைமணிக்குக்கூட நீளும்.

மாணவருக்குக் களரியில் கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் இந்தத் திரை பிடிப்பதுதான். இதில் மூன்று விதமாகக் கெடுப்பார்கள். ஒன்று, கை வலித்துத் துணியைத் தாழ்த்துவது: கிரீடத்தோடு முகமும் முன்கூட்டியே தெரிந்து காட்சி உப்புச்சப்பற்றுப் போகும். வேஷக்காரரின் தலை மட்டத்துக்குக் கீழே மேல் விளிம்பு இறங்கக் கூடாது. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்தால் தோள் தாங்கும். இரண்டு, திரும்பி வேஷக்காரரையே வேடிக்கை பார்ப்பது. திரையை எடுக்க வேண்டிய நேரத்தை அவர் கண்ணால் காட்ட மாட்டார், மிருதங்கத் தீர்மானம்தான் சொல்லும். மூன்று, எடுக்கும்போது துணியை அவர் முகத்துக்கு நேரே சுருட்டுவது. புஜக்கட்டையிலோ கிரீடத்திலோ மாட்டினால் அவ்வளவுதான். எதிர்ப் பக்கத்துக்காரர் முனையை விட்டதும், நீங்கள் உங்கள் பக்கமாகச் சர்ரென்று இழுத்துக்கொண்டு விலகுங்கள்.

பின்னாளில் நீங்களே திரைக்குள் நிற்கும்போது இதெல்லாம் உதவும். அப்போது வரும் தவறு, இருக்கிற பலத்தையெல்லாம் திரைக்குள்ளேயே கொட்டிவிடுவது. வெளியே வந்ததும் கிரிக்கி என்ற சுழன்றாட்டம் இருக்கிறது, அதற்கு மூச்சு மிச்சம் வேண்டும்.

கட்டையும் கிரிக்கியும்

கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செய்தவைதான். ஆனாலும் தலைக்கு மேல் அத்தனை உயரம் ஏறும்போது உடம்பின் நிலை மாறிவிடும். வெறும் தலையோடு இருபது சுற்று சுற்றியவர் கிரீடம் வைத்து நாலாவது சுற்றிலேயே தடுமாறுவார். ஒத்திகையில் துண்டைச் சுருட்டி உச்சியில் கட்டிக்கொண்டு சுற்றிப் பழகுங்கள். தினம் ஐந்து சுற்றில் ஆரம்பித்து, தலை கிறுகிறுக்காத நாளில் மட்டும் இரண்டு கூட்டுங்கள். முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பார்வை ஒரு தரம் மேளக்காரர் பக்கம் போய் வர வேண்டும், நிற்க வேண்டிய இடம் அங்கிருந்துதான் வரும். பரதம் படித்தவர்கள் வகுப்பறைத் தரையில் தட்டுகிற பலத்தோடு மண்ணில் தட்டிக் கணுக்காலைப் பிசகிக்கொள்கிறார்கள். களரி மண்ணில் கல் கிடக்கும், மாலையிலேயே வெறுங்காலோடு ஒருமுறை நடந்து பொறுக்கிப் போடுங்கள்.

கிரீடம் கட்டும்போது முதலில் தலையில் துணி, அதன் மேல் கயிறு. காது மடலுக்கு மேலே கயிறு விழுந்தால் ஒரு மணி நேரத்தில் தலைவலி பிளக்கும், பின்மண்டை எலும்புக்குக் கீழே இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். பாவாடை விரிந்து நிற்க இடுப்பில் துணியோ வைக்கோல் பிரியோ சுற்றுவார்கள். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கட்டினால் பாட முடியாது, மூச்சை நிரப்பி வயிறு விரிந்திருக்கும்போது கட்ட வேண்டும். கட்டை ஏறிய பின் ஒன்றுக்குப் போவது பெரும்பாடு. அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள்தான் விடியற்காலையில் மயங்கி விழுகிறார்கள். வேஷம் கட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை நன்றாகக் குடியுங்கள், பிறகு வாய் நனைக்கும் அளவுக்கு அவ்வப்போது.

முகத்துக்கு முத்துவெள்ளையும் வண்ணப் பொடியும் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போடுவார்கள். மாணவர்கள் எண்ணெயை ஊற்றிவிடுகிறார்கள், ஒரு மணிக்கெல்லாம் வியர்வையில் வண்ணம் கழுத்துக்கு இறங்கிவிடும். ஒரு ஸ்பூன் பொடிக்கு நாலைந்து சொட்டில் ஆரம்பித்து, விரலில் எடுத்தால் வழியாத பதம் வரும் வரை குழைக்க வேண்டும். முதல் தடவை போடுவதற்கு முந்தைய நாளே முழங்கை உள்பக்கம் தடவிப் பாருங்கள், அரிப்பு வந்தால் விட்டுவிடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் அரிதாரம் என்ற பெயரில் கட்டியாக விற்பது ஆர்சனிக் உள்ள தாது, பழைய முறை என்று ஆசைப்பட்டு அதை முகத்தில் பூசாதீர்கள். கலைக்கும்போது முதலில் தண்ணீர் கூடாது. தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்து, பிறகு கடலை மாவு.

கட்டியங்காரன் வேஷம் சுலபம் என்று நினைப்பது

கட்டை இல்லை, சிரிக்க வைத்தால் போதும், அதனால் முதலில் அதை வாங்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். ராத்திரி முழுக்கக் களரியை விட்டு நகராதவர் அவர். யார் வருகிறார் என்று கேட்டு அறிமுகப்படுத்துவார், வசனம் மறந்தவருக்கு எடுத்துக் கொடுப்பார், உள்ளே வேஷம் தயாராகாவிட்டால் கால் மணி நேரம் கதை இழுப்பார், குடித்துவிட்டு உள்ளே வருகிறவரைக் கோபப்படுத்தாமல் உட்கார வைப்பார். நாடகங்கள் அத்தனையும் தெரிந்தவர்தான் இதைக் கட்ட முடியும். சினிமா காமெடியைக் களரியில் ஒப்பிப்பதும், ஊர்ப் பெரிய மனுஷனை வைத்து ஜோக் அடிப்பதும் புது ஆள் செய்கிற வேலை. அந்த ஊரில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கூத்துக்கு முன்னால் வாத்தியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அச்சுப் புத்தகம் வாங்கி விருத்தம், தரு, கந்தார்த்தம் என்ற பாட்டு வகைகளையும் வசனத்தையும் வரிசையாக நெட்டுருப் போடுவதும் இதே ரகம்தான். பாட்டு ஓரளவு ஒத்துப்போகும். வசனம் அந்தந்த ராத்திரியில் எதிரே நிற்பவரைப் பார்த்துப் பேசுவது. அன்பளிப்பு கொடுத்தவர் பெயரைச் சொல்ல பாஞ்சாலி அழுகையின் நடுவில்கூட நிறுத்த வேண்டியிருக்கும். மாணவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். பெயரைச் சொல்லி வாழ்த்திவிட்டு, விட்ட இடத்து அழுகையை அதே சுருதியில் எடுக்கிறவர்களைக் கவனியுங்கள். அதைப் பட்டறைகளில் சொல்லித்தர மாட்டார்கள்.

களரிக்குள் செருப்போடு போகக் கூடாது, இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அர்ஜுனன் தபசு அன்று வேஷக்காரர் ஏறும் தபசு மரத்தைச் சுற்றிப் பிள்ளை வரம் வேண்டி உட்கார்ந்திருக்கும் பெண்களின் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். துரியோதனன் வீழும் படுகள நாளில் கோயில்காரர்கள் சொல்கிற இடத்தில் நில்லுங்கள். ஒலிப்பதிவுக்கு வாத்தியாரைக் கேட்டுவிட்டுத்தான் போனை எடுக்க வேண்டும். ஸ்பீக்கர் முன்னால் வைத்தால் எல்லாம் கரகரவென்று விழும், பின்பாட்டுக்காரர் பக்கத்தில் மேளத்துக்கு ஆறடி தள்ளி வையுங்கள். பாட்டு நோட்டைப் படம் எடுப்பதென்றால் தனியாக அனுமதி கேளுங்கள். சில வீடுகளில் அது அப்பன் பாட்டன் கையெழுத்து.

ராத்திரிப் பயணத்தை யாரும் யோசிப்பதில்லை. அணைக்கட்டு, கலவைப் பக்கத்து உள் ஊர்களில் கூத்து முடியும்போது விடிந்திருக்கும், முதல் பஸ் வர இன்னும் நேரம் இருக்கும். பத்து மணிக்கு வகுப்பு என்று அந்தத் தூக்கத்தில் டூவீலர் எடுக்காதீர்கள். கோயில் மண்டபத்தில் இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து கிளம்புங்கள், இல்லையென்றால் ஜமா வண்டியிலேயே வந்து இறங்குங்கள். மறுநாள் வகுப்பு இருக்கிற கிழமையில் கூத்துக்கே போகாதீர்கள்.

பணத்தை முதலிலேயே பேசிவிட வேண்டும். தாம்பூலம் மாற்றி அட்வான்ஸ் வாங்கி ஒப்புக்கொண்ட தொகையை ஜமாவுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். பழக வந்தவருக்கு அதில் பங்கு கிடையாது, சாப்பாடும் வண்டியும் உண்டு. வாத்தியாருக்கு மாதம் இவ்வளவு என்று வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுங்கள். பின்பாட்டுக்கோ சின்ன வேஷத்துக்கோ உங்களைக் கணக்கில் சேர்த்த ராத்திரி முதல் பங்கு உண்டா என்பதை, சேரும் அன்றே வாத்தியாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சீசன் நடுவில் கேட்டால் மனஸ்தாபம் வரும்.