முதல் சர்வதேச பாரா பேட்மிண்டன் போட்டிக்குக் கிளம்புமுன்

மாநில அளவில் கோப்பைகளை அள்ளிக்கொண்டிருப்பவர் முதல் வெளிநாட்டுப் போட்டியில் திணறுவதற்குப் பெரும்பாலும் ஆட்டம் காரணமாக இருப்பதில்லை. கோப்பில் ஒரு எம்ஆர்ஐ அறிக்கை இருக்காது. வீல்சேர் டியூபுக்கு ஏற்ற பம்ப் இருக்காது. வலிக்குப் போட்ட மாத்திரை ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கும். ஷாட்டுகளைச் சொல்லித்தரப் பயிற்சியாளர் இருக்கிறார். இந்த மற்ற வேலைகளை யாரும் சொல்லித்தருவதில்லை.

முதலில் வகைப்பாடு, அதாவது உடல் பாதிப்பைப் பார்த்து யார் எந்தப் பிரிவில் ஆடுவது என்று முடிவு செய்வது. ஆறு பிரிவுகள். வீல்சேரில் ஆடுபவர்களுக்கு டபிள்யூஎச்1, டபிள்யூஎச்2. உடற்பகுதியின் கட்டுப்பாடும் குறைந்திருந்தால் முதல் பிரிவு. நின்று ஆடுபவர்களில் கால் பாதிப்புக்கு எஸ்எல்3, எஸ்எல்4. ஓட்டமும் சமநிலையும் அதிகம் பாதிக்கப்பட்டவர் எஸ்எல்3. கை பாதிப்புக்கு எஸ்யூ5. உயரம் குறைந்தவர்களுக்கு எஸ்எச்6. காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசன் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெள்ளியும், மனிஷா ராமதாஸ் வெண்கலமும் வாங்கியது எஸ்யூ5-இல். ஓசூரின் நித்யஸ்ரீ சிவன் வெண்கலம் வாங்கியது எஸ்எச்6-இல். காது கேளாதவர்களுக்கு இதில் பிரிவு கிடையாது, அவர்களுக்கு டெஃப்லிம்பிக்ஸ் தனி வழி. மதுரை ஜெர்லின் அனிகா தங்கம் வென்றது அங்கேதான்.

"யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் 60 சதவீதம் போட்டிருக்கிறதே, அப்படியானால் எஸ்எல்3 தானே?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. அந்தச் சதவீதத்துக்கும் வகைப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அது அரசுச் சலுகைக்கான கணக்கு. இங்கே பார்ப்பது பாதிப்பு என்ன வகை, அது பேட்மிண்டன் ஆட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை மட்டும். வலி, சோர்வு, மூட்டு அதிகமாக வளைவது ஆகியவற்றைத் தனியாக வைத்துத் தகுதி கிடைக்காது.

மருத்துவப் படிவத்தை மருத்துவரே ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும். பாதிப்புக்குத் தக்க ஆதாரத்தை அதோடு இணைக்க வேண்டும்: கால் குட்டை என்றால் எக்ஸ்ரே, தண்டுவடம் என்றால் எம்ஆர்ஐ, பிறக்கும்போது தோள் நரம்பு இழுபட்டுக் கை பலமிழந்திருந்தால் நரம்புக் கடத்தல் சோதனை அறிக்கை. "போலியோ" என்று ஒற்றை வரி எழுதிய சான்றிதழோடு போனால் வகைப்பாட்டாளர் கேள்வி கேட்டே தீருவார். பெயர் பதிவும் படிவமும் தேசியச் சங்கம் வழியாகத்தான் போகும், நேரடியாக அனுப்ப முடியாது.

புதியவரின் நிலை 'என்'. மறுபரிசீலனைக்கு உரியவர் 'ஆர்'. உறுதியானவர் 'சி'. முதல் இரண்டு நிலைகளில் இருப்பவர்களுக்கு ஆட்டங்கள் தொடங்குமுன்பே சோதனை நடக்கும் என்பதால் விமான டிக்கெட்டை அதற்கேற்ப முன்கூட்டிப் போட வேண்டும். சோதனை அறைக்குள் பாஸ்போர்ட், அசல் அறிக்கைகள், அரைக்கால் சட்டை, ரேக்கெட் வேண்டும். செயற்கைக் காலோ வீல்சேரோ, பெல்ட் உட்பட, ஆட்டத்தில் எப்படிப் பயன்படுத்துவீர்களோ அப்படியே வேண்டும். மேசையில் வைத்துத் தசை பலம், மூட்டு அசைவு பார்ப்பார்கள். பிறகு கோர்ட்டில் ஆட விடுவார்கள். அதோடு முடியாது, போட்டியில் ஆடும்போதும் கவனிப்பார்கள். "கொஞ்சம் தளர்வாகவே செய்" என்று யாராவது காதில் ஓதினால் கேட்காதீர்கள். அறையில் மடங்காத முழங்கால் கோர்ட்டில் மடங்கினால் அது வேண்டுமென்றே ஏமாற்றியதாகும். தண்டனை பிரிவு மாற்றத்தோடு நிற்காது, தடை வரைக்கும் போகும்.

பிரிவு மாறினால் ஜோடியும் உடையலாம். இரட்டையரில் ஒவ்வொருவரின் பிரிவு எண்ணையும் கூட்டுவார்கள்: வீல்சேர் ஜோடிக்கு உச்சவரம்பு 3, எஸ்எல்–எஸ்யூ ஜோடிக்கு 8. பாரிஸ் கலப்பு இரட்டையரில் நிதேஷ் குமார் (3), துளசிமதி (5) சேர்ந்து 8. சுஹாஸ் யதிராஜ், பலக் கோலி இருவரும் 4, அதுவும் 8. எஸ்எல்4 ஜோடியில் ஒருவர் எஸ்யூ5 ஆகிவிட்டால் கூட்டுத்தொகை 9, ஜோடி செல்லாது. எனவே முதல் வகைப்பாடு முடியும்வரை ஒரே ஜோடியை நம்பி ஆண்டு முழுக்கப் பயிற்சி எடுக்காமல், மாற்று ஜோடி ஒன்றையும் பழக்கி வைப்பது நல்லது.

இனி கோர்ட். நெட் எல்லோருக்கும் அதே உயரம்: ஓரத்தில் 1.55 மீட்டர், நடுவில் 1.524. வீல்சேர் ஒற்றையரும் எஸ்எல்3 ஒற்றையரும் நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் மட்டும், பாதி கோர்ட்டில். சர்வீஸ் குறுக்கே போகாது, நேராகப் போகும். வீல்சேர் ஆட்டத்தில் இன்னொன்றும் உண்டு: நெட்டிலிருந்து சர்வீஸ் கோடு வரையுள்ள 1.98 மீட்டரில் விழுந்தால் அவுட். அதாவது ஒரு பக்கத்தின் 6.70 மீட்டரில் ஆடுகிற நீளம் 4.72 மீட்டர்தான். நெட் ஒட்டி மெல்லத் தட்டிவிடும் டிரிபிளுக்கு வேலை இல்லை. உட்கார்ந்த உயரத்திலிருந்து செங்குத்தாக ஸ்மாஷ் இறக்கவும் முடியாது. ஆட்டம் முழுக்க பின்கோட்டுக்கு உயரமாக ஒரு டாஸ், சர்வீஸ் கோட்டைத் தாண்டி ஒரு டிராப் என்று ஊசலாடும்.

ஆகவே பயிற்சியில் பாதி நேரம் வீல்சேரைப் பின்னோக்கித் தள்ளுவதற்கே போக வேண்டும். முன்னால் வருவது எல்லோருக்கும் வரும். சர்வீஸ் கோட்டிலிருந்து பின்கோட்டுக்கு இரண்டே தள்ளலில் போய், நிற்கும் முன்பே ரேக்கெட் தலைக்கு மேலே போயிருக்க வேண்டும். மூன்றாவது தள்ளல் தேவைப்பட்டால் ஷட்டில் தலைக்குப் பின்னால் போயிருக்கும். ரேக்கெட் பிடித்த கையாலேயே ரிம்மைத் தள்ளுவதால் பிடியின் அடிப்பாகம் ரிம்மில் உரசித் தேயும். கிரிப் டேப் வழக்கத்தைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே டாஸ் போட ஆள் இல்லாத நாளில் ஷட்டில் இல்லாமலே இதைச் செய்யலாம்: பின்கோட்டில் ஒன்று, சர்வீஸ் கோட்டில் ஒன்று என்று இரண்டு பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து, 30 விநாடி இடைவிடாமல் முன்னும் பின்னும், 30 விநாடி ஓய்வு, எட்டு சுற்று.

தலைக்கு மேலே அடிக்கும்போது உடல் பின்னால் சாயும். அப்போது நாற்காலி கவிழாமல் தாங்குவது பின்னால் உள்ள சிறு சக்கரம். அது தரையிலிருந்து மிக உயரமாக இருந்தால் 'தடால்' என்று சாய்ந்து ஷாட்டின் குறி தவறும். மிகத் தாழ்வாக இருந்தால் எடை அதன்மேல் விழுந்து, பெரிய சக்கரங்கள் தரைப்பிடிப்பை இழந்து வழுக்கும். ஒரு விரல் தடிமன் இடைவெளியில் தொடங்கி அலன் கீயால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யுங்கள். டயர் காற்று இறங்கினால் இந்த இடைவெளியும் குறையும், ஆகவே காற்று அடித்த பிறகுதான் அளக்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு நாற்காலியைக் குறை சொல்பவர்கள் நிறைய.

வீல்சேரில் அடிக்கடி விழும் ஃபால்ட்டுகள்: ஷட்டிலை அடிக்கும் நொடியில் உடல் இருக்கையைவிட்டு முழுதாக எழும்புவது, பாதம் ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து நழுவுவது, சர்வீஸ் முடியுமுன் சக்கரம் உருளுவது. பாதத்துக்கும் தொடைக்கும் பெல்ட் போட்டால் முதல் இரண்டும் அடங்கும்.

எஸ்எல்3 வீரர்களுக்கு வேறு சிக்கல். உள்ளூரில் சக நண்பர்களோடு முழுக் கோர்ட்டில் ஆடிய பழக்கத்தில் கை தானாகக் குறுக்கே அடிக்கும். ஒற்றையரில் அது நேராக அவுட். ஆனால் இரட்டையரில் அதே கோர்ட் முழுதாகத் திறக்கும். ஒரே நாளில் இரண்டையும் கலந்து ஆடாமல், காலை பாதி, மாலை முழுது என்று பிரித்துப் பழகுங்கள்.

ஷட்டில் வேகமும் மாறும். சென்னை வெப்பத்தில் 75, 76 வேக எண் கொண்ட ஷட்டிலில் பழகியவருக்குக் குளிரான அரங்கில் அது முன்னாலேயே விழும். சோதிக்கும் முறை எளிது: பின்கோட்டிலிருந்து கீழ்க்கையில் முழு வீச்சில் அடித்தால், எதிர்ப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மில்லிமீட்டர் முன்னால் விழ வேண்டும். பயிற்சி நேரத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் அடித்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஏசி காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தெரிந்துவிடும்.

மருந்து விஷயத்தில் அலட்சியம் கூடாது. கால் இழந்தவர்கள் வலிக்கு எடுக்கும் டிராமடால், 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. மருத்துவக் காரணம் இருந்தால் முன்கூட்டியே விலக்கு அனுமதி வாங்க வேண்டும், பரிசோதனையில் சிக்கிய பிறகு சீட்டு காட்டினால் எடுபடுவது கடினம். ஊக்கமருந்துப் பரிசோதனைக்காக இருப்பிடத் தகவல் தர வேண்டிய பட்டியலில் உங்கள் பெயர் வந்துவிட்டால், 12 மாதத்தில் மூன்று முறை தவறினாலே தண்டனை. டோக்கியோவில் தங்கம் வென்ற பிரமோத் பகத் 18 மாதத் தடை பெற்றுப் பாரிஸைத் தவறவிட்டது இப்படித்தான். கதீட்டர் பயன்படுத்துபவர்கள் சிறுநீர் மாதிரி கொடுக்கும்போது தங்களுடையதையே பயன்படுத்தலாம், உறை பிரிக்காத ஒன்றை எப்போதும் பையில் வையுங்கள்.

விமானத்துக்கு: அன்றாட நாற்காலி கடைசிவரை உங்களோடு, விளையாட்டு நாற்காலி சரக்கில். சக்கரங்களைக் கழற்றித் தனிப் பையில் போட்டு, அச்சுகளைத் துணியில் சுற்றி அதே பையில் கட்டுங்கள். அலன் கீ செட்டும் அதில்தான். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையோடு போய்விடும். இரண்டு உபரி டியூப், டியூபின் வால்வுக்குப் பொருந்தும் பம்ப் அவசியம். பிரெஸ்டா வால்வு என்றால் நம்மூர் சைக்கிள் கடை பம்ப் சேராது, அதற்கு ஒரு சின்ன பித்தளை அடாப்டர் வேண்டும்.

செயற்கைக் கால் அணிபவர்கள் நீண்ட பயணத்தில் அதைக் கழற்றி வைத்தால் கால் முனை வீங்கி, இறங்கும்போது கால் முனை நுழையும் கூடான சாக்கெட்டில் ஏறாது. கழற்றத்தான் வேண்டுமென்றால் அழுத்தமான உறையாவது போட்டிருங்கள். வீக்கம் வடிய ஒரு நாளாவது ஆகும், வடிந்த பிறகு சாக்கெட் தொளதொளக்கும். தடிமன் வேறுபட்ட காலுறைகள் மூன்று நான்கு கைவசம் இருந்தால் சமாளிக்கலாம். ஒரு கேமின் நடுவே கிடைக்கும் 60 விநாடியில் லைனரை (சாக்கெட்டுக்குள் காலில் மாட்டும் உறை) கழற்றி வியர்வை துடைத்து மாட்ட முடியாது. இரண்டு கேம்களுக்கு இடையேயான 120 விநாடியில் முடியும், வீட்டிலேயே கடிகாரம் வைத்துப் பழகியிருந்தால்.