ஸ்மார்ட் தொட்டிலுக்கு ஐந்து லட்சம் கொடுக்கலாமா? ஐந்து இரவில் முடிவெடுக்கும் முறை

ஸ்மார்ட் தொட்டில் என்பது பிள்ளையின் அழுகையைக் கேட்டுத் தானே ஆடும் மோட்டர் தொட்டில். இணையத்தில் தேடினால் முதலில் வருவது ஸ்னூ. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹார்வி கார்ப் 2016 இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அங்கே அதன் விலை 1,695 டொலர். டொலரை 300 இலங்கை ரூபா என்று போட்டால் 508,500 ரூபா. கப்பல் கூலியும் சுங்கமும் இதில் இல்லை. இதைவிட மலிவான மோட்டர் தொட்டில்களும் உண்டு, ஆனால் முடிவெடுக்கும் வழி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

முதல் விதி: பிள்ளை பிறக்க முன் வாங்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா காசு அனுப்பினாலும் சரி, கொஞ்சம் பொறுங்கள். சில பிள்ளைகளுக்கு ஆட்டமே தேவைப்படாது, பால் குடித்ததும் படுக்கும். சில பிள்ளைகள் கையைவிட்டு இறக்கினால் வீட்டையே எழுப்பும். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்பது மூன்றாவது கிழமைக்குப் பிறகுதான் பிடிபடும்.

மெஷின் செய்வது இவ்வளவுதான். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, துணிப் பையால் சுற்றி, பையின் இரண்டு பக்கச் சிறகுகளையும் தொட்டிலின் கிளிப்பில் மாட்டுவீர்கள். மெல்லிய இரைச்சலோடு இடம் வலமாக ஆடும். மைக்கில் அழுகை கேட்டால் ஆட்டமும் சத்தமும் படிப்படியாகக் கூடும். மூன்று நிமிடம் அளவில் பிள்ளை அடங்காவிட்டால் தானே நின்றுவிடும். பிறகு நீங்கள்தான் தூக்கவேண்டும். பால் கொடுக்காது, பம்பஸ் மாற்றாது, ஏவறை எடுக்காது. திடீர் சிசு மரணத்தைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் எதையும் வாங்காதீர்கள். 2023 இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) ஸ்னூவுக்குக் கொடுத்த அனுமதி, தூங்கும் பிள்ளையை மல்லாந்த நிலையிலேயே வைத்திருப்பதற்கு மட்டும்தான்.

படி 1: ஐந்து இரவுக் கொப்பி

பலர் பிழைவிடுவது இந்தப் படியில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

பிள்ளை பிறந்த எடையைத் திரும்பப் பிடித்துவிட்டது என்று மிட்வைஃப் சொன்ன பிறகு தொடங்குங்கள். பொதுவாக இரண்டு கிழமை போகும். அதற்கு முன் இரவில் எழும்பும் ஒவ்வொரு தரமும் பால்தான், ஆட்டிப் பார்க்கும் பேச்சே வேண்டாம். இன்னொன்று, பிறந்த 31 ஆம் நாள் துடக்குக் கழியும்வரை அம்மம்மாவோ பெரியம்மாவோ வீட்டில் நின்று இரவில் பிள்ளையை வாங்கி வைத்திருப்பார்கள். அந்த நாட்களில் எழுதும் கணக்கு உங்கள் வீட்டுக் கணக்கு இல்லை. அவர்கள் ஊருக்குப் போன பிறகு வருகிற ஐந்து இரவுகளை எடுங்கள்.

கட்டிலடியில் ஒரு கொப்பியும் பேனையும் போதும். இதற்கென்று ஃபோன் செயலிகள் இருக்கின்றன, வேண்டாம். நடுச்சாமத்தில் திரை வெளிச்சம் உங்கள் தூக்கத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

பிள்ளை எழும்பும் ஒவ்வொரு தரமும் இந்த வரிசையில் பாருங்கள்:

1. கடைசியாகப் பால் குடித்தது எப்போது? இரண்டு மணி நேரம் தாண்டியிருந்தால், அல்லது வாயால் தேடினால், கையைச் சூப்பினால், நேரே பால் கொடுங்கள். கொப்பியில் "பா".
2. பம்பஸ் நனைந்திருக்கிறதா? மாற்றினால் அடங்குகிறதா? "ந".
3. பிடரியில் கை வையுங்கள். வியர்வை இருந்தால் ஒரு துணி குறையுங்கள், ஃபேனைக் கூட்டுங்கள். "வி".
4. தோளில் போட்டு ஏவறை எடுங்கள். அதோடு அடங்கினால் "ஏ".
5. நான்கும் இல்லை என்றால் மட்டும் மார்பில் கை வைத்து மெதுவாக ஆட்டுங்கள், "ஷ்" என்று சத்தம் கொடுங்கள். மூன்று நிமிடம், அதற்கு மேல் இல்லை. அடங்கி அரை மணி நேரமாவது தூங்கினால் "ஆ" என்று எழுதி வட்டம் போடுங்கள்.

ஒரு வரி இப்படி இருக்கும்: "1.10, கடைசிப் பால் 11.40, ஈரம் இல்லை, பிடரி காய்ந்தபடி, ஏவறை வரவில்லை, ஆட்டினோம், 2 நிமிடம், 2.35 வரை தூக்கம், ஆ."

வரிசையை மாற்றினால் கணக்குப் பிசகும். பால் கொடுத்து, பிறகு தோளில் போட்டு ஆட்டித் தூங்கவைத்துவிட்டு "ஆட்டினால்தான் தூங்குகிறான்" என்று எழுதுவார்கள். தூங்கவைத்தது பால். மெஷினால் அதைச் செய்ய முடியாது. பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தரம் பால் குடிக்கும். அந்தத் தரங்களை எந்தத் தொட்டிலும் குறைக்காது, குறைக்கவும் கூடாது. பசிக்கு அசையும் பிள்ளையை மெஷின் ஆட்டி ஆட்டி மறுபடி படுக்கவைத்தால் எடை ஏறாமல் போகும். ஆகவே மெஷின் வாங்கினாலும் கிளினிக் கொப்பியின் எடைக் கோட்டை விடாமல் பாருங்கள்.

ஐந்து இரவு முடிந்ததும் வட்டங்களை எண்ணி ஐந்தால் பிரியுங்கள். இரவுக்கு மூன்று அல்லது அதற்கு மேல் வந்தால் மெஷினுக்கு உங்கள் வீட்டில் வேலை இருக்கிறது. ஒன்றும் அதற்குக் கீழும் என்றால் இத்தோடு நிறுத்திவிடலாம். இரண்டு என்றால் படி 4 இல் உள்ள கணக்குத்தான் முடிவு சொல்லும். "வி" அதிகம் என்றால் நீங்கள் வாங்கவேண்டியது ஒரு ஃபேன்.

அழுகை ஆறாவது கிழமை அளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே குறையும். ஐந்தாம் கிழமைக் கொப்பியைப் பார்த்துப் பயந்து ஓடர் பண்ணி, பெட்டி வந்து சேர மூன்றாம் மாதம் ஆனால், பிள்ளை அதற்குள் அடங்கியிருக்கும்.

கொப்பி போடும் நாட்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் 38 பாகையைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, அழுகையின் தொனியே வேறு மாதிரி இருந்தாலோ, கொப்பியை மூடிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு விடியட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது.

படி 2: அறை

ஸ்னூவின் நீளம் மூன்று அடி, அகலம் ஒன்றரை அடி அளவு. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் அது நின்றபின் இரவில் நீங்கள் நடக்க இடம் வேண்டும். சீமேந்து நிலத்தில் கடதாசி விரித்து அளந்து பாருங்கள்.

உயரத்தையும் பாருங்கள். அதன் மேல் விளிம்பு கிட்டத்தட்ட 78 சென்ரிமீற்றர். நம் கட்டில்கள் 45, 50 தான். படுத்தபடி கையை நீட்டிப் பிள்ளையைத் தொடமுடியாது, எழும்பி நின்று குனிந்து தூக்கவேண்டும். சிசேரியன் முடிந்த தாய்க்கு முதல் சில கிழமைகள் இது பெரிய தொல்லை. அந்த வீட்டில் கட்டிலோடு ஒட்டி நிற்கும், ஒரு பக்கம் இறங்கும் சாதாரணத் தொட்டில்தான் உதவும்.

அடுத்தது வெக்கை. திருகோணமலையில் மே தொடங்கி செப்டெம்பர்வரை, கச்சான் காற்று அடிக்கும் காலத்தில், இரவில்கூட 26 பாகைக்குக் கீழே அவ்வளவாக இறங்காது. மெஷினோடு வரும் பை பிள்ளையின் கையையும் உடம்பையும் மூடிக் கட்டுவது, அதைப் போடாமல் ஸ்னூ ஆடாது. உவர்மலையில் கடல்காற்று வரும் மாடி அறையும், நகருக்குள் தகரக் கூரை போட்ட அறையும் ஒன்றில்லை. சோதனை சுலபம். பிள்ளையை மெல்லிய பருத்தித் துணியால் கை உள்ளே இருக்கும்படி சுற்றுங்கள். இடுப்பும் கால்களும் தாராளமாக அசையவேண்டும், துணி மூக்குக்கு ஏறக் கூடாது. பக்கத்தில் இருந்துகொண்டே ஒரு பகல் தூக்கம் படுக்கவிட்டு, பிடரியைப் பாருங்கள். வியர்த்துக் கொட்டினால், ஏசி இல்லாத அந்த அறையில் ஐந்து லட்சத்துப் பொருள் பகலில் உடுப்பு அடுக்கும் தட்டாகிவிடும்.

நுளம்பு வலையைத் தொட்டிலுக்கு மேல் போர்க்காதீர்கள். ஆடும் பொருளில் வலை வழுகி உள்ளே விழும். முகட்டில் கொளுவி, கட்டிலையும் தொட்டிலையும் சேர்த்து மூடும் பெரிய வலைதான் சரி.

படி 3: கரண்ட்

அடப்டரில் ஒட்டியிருக்கும் எழுத்தை வாசியுங்கள். உள்ளீடு 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருந்தால் நம் 230 வோல்ட்டில் அப்படியே போடலாம், பிளக் மாற்றி மட்டும் வேண்டும். 120 வோல்ட் மட்டும் என்றால் தொடாதீர்கள். படுக்கை அறையில் இறக்குமின்மாற்றி ஒன்றை விடிய விடியச் சூடேற விடுவது நல்லதில்லை.

பெரும்பாலான ஸ்மார்ட் தொட்டில்களுக்குள் பற்றரி கிடையாது. கரண்ட் போனால் ஆட்டமும் சத்தமும் ஒரே நொடியில் நிற்கும், பிள்ளை எழும்பும். 2022 இன் நீண்ட மின்வெட்டுகள் இப்போது இல்லை என்பது உண்மை. ஆனாலும் 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருட்டானதை மறக்கவேண்டாம். மாரியில் மரக்கொப்பு முறிந்து போகும் கரண்ட் தனி.

கரண்ட் போனதும் பற்றரியில் ஓடவைக்கும் யூபிஎஸ் போடுவதென்றால் கணக்கு இது. சாதாரண 650 வீஏ யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி, அதாவது 84 வாட்-மணி. அதில் பாதி கைக்கு வரும் என்று எடுங்கள். தொட்டில் 15 வாட் இழுத்தால் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ரவுட்டர்களுக்கு விற்கும் சிறிய யூபிஎஸ்ஸை மாட்ட நினைத்தால், அடப்டரின் வெளியீட்டில் வோல்ட்டும் அம்பியரும் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். அடப்டர் 3 அம்பியர் கேட்கும்போது 2 அம்பியர் யூபிஎஸ் போட்டால் ஆட்டம் கூடுகிற நேரம் பார்த்து அணைந்துவிடும்.

*பின்னர் சேர்த்தது:* யூபிஎஸ் வாங்கிய பலர் அதன் "பீப்" சத்தத்தில் பிள்ளை எழும்புவதாக எழுதியிருக்கிறார்கள். நியாயமான முறைப்பாடு. சிலவற்றில் முன் பொத்தானை ஒரு தரம் அமத்தினால் ஓயும், சிலவற்றில் கணினியில் மாட்டித்தான் ஓயவைக்கலாம், சில ஓயவே மாட்டா. கடையிலேயே பிளக்கைக் கழற்றச் சொல்லி, சத்தத்தை நிறுத்திக் காட்டினால் மட்டும் காசு கொடுங்கள்.

தொட்டிலை ஃபோன் செயலிக்காக வைஃபையில் இணைக்கச் சிக்கல் வந்தால், ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸை அணைத்து 2.4 ஐ மட்டும் வைத்து இணைத்துப் பாருங்கள். முக்கால்வாசி அதோடு சரிவரும்.

படி 4: காசு

ஸ்னூ ஆறு மாதம் வரைக்கும்தான். அதற்கு முன்னமே பிள்ளை கையிலும் முழங்காலிலும் ஊன்றி எழும்பத் தொடங்கினால் அன்றோடு நிறுத்தவேண்டும். 508,500 ஐ 180 இரவால் பிரித்தால் இரவுக்கு 2,825 ரூபா. பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆனபின் வந்து சேர்ந்தால் 120 இரவு, இரவுக்கு 4,200 தாண்டும். இதோடு சுங்கத் தீர்வையையும் 18 சதவீத வற் வரியையும் கூட்டுங்கள். அனுப்புகிறவர் "ஒன்றும் வராது" என்று சொல்வதை நம்பாமல், சரக்கு அனுப்பும் இடத்தில் மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு சந்தா. 2024 ஜூலையிலிருந்து செயலியின் சில வசதிகளுக்கு மாதம் 19.99 டொலர் கேட்கிறார்கள். ஆட்டத்தை ஒரே மட்டத்தில் பூட்டி வைப்பது, கடைசியில் ஆட்டத்தை மறக்கடிக்கும் முறை எல்லாம் அதற்குள் போய்விட்டன. அழுகைக்கு ஆடுவது சந்தா இல்லாமலும் நடக்கும்.

இந்தக் காசு யாருக்குப் பெறும்? இரவில் பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு: கணவர் கட்டாரில், அம்மா மூதூரில், தாய் தனியாகப் பிள்ளையோடு. அங்கே இரவுக்கு மூன்று "ஆ" வட்டமும் வந்தால் வாங்கச் சொல்வோம். அரச வேலையில் 84 வேலை நாள் லீவு முடிந்து, நான்காம் மாத அளவில் காலையில் கந்தோருக்குப் போகவேண்டிய தாய்க்கும் கடைசி இரண்டு மாதம் உதவும். இரண்டு பாட்டிகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். இரட்டைப் பிள்ளைகள் என்றால் இரண்டு தொட்டில் வேண்டும், ஒன்றில் இருவரைப் படுக்கவைக்கக் கூடாது.

பழையது வாங்கினால் பைகளைத்தான் முதலில் கேளுங்கள். சிறகு உள்ள பை இல்லாமல் மெஷின் ஆடாது. மூன்று அளவு உண்டு, சிறியது 5.4 கிலோ வரை. ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு வேண்டும், நவம்பர் முதல் ஜனவரி வரையான மழையில் துணி காயாது என்பதால் மூன்று. கிளிப்பிலும் திருகாணியிலும் துரு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். கடலோர வீட்டில் இருந்த பொருளுக்கு இது கட்டாயம். ஃபோனில் அழுகைச் சத்தம் ஒன்றைப் போட்டு, மட்டம் ஏறுகிறதா, தானே நிற்கிறதா என்றும் சோதியுங்கள்.

படி 5: வேண்டாம் என்று முடிவானால்

சேலையில் கட்டி ஆட்டும் ஏணை இருக்கிறதே என்பீர்கள். அழுகிற பிள்ளையை அடக்க ஏணைக்கு நிகர் இல்லை. தூங்கவிட அது சரியில்லை. சேலை வளைவில் நாடி மார்பில் குத்தி மூச்சுக்குழாய் மடங்கும். நாடிக்கும் மார்புக்கும் இடையில் இரண்டு விரல் போகவில்லை என்றால் அது ஆபத்தான நிலை. ஏணையில் ஆட்டுங்கள், கண் அயர்ந்ததும் தட்டையான இடத்துக்கு மாற்றுங்கள். மோட்டரும் ஸ்பிரிங்கும் பூட்டிய ஏணைகளை நாங்கள் சிபாரிசு செய்யவில்லை. அதே வளைவுதான், பக்கத்தில் ஆள் இல்லாமல் ஆடுகிறது என்பதால் இன்னும் மோசம்.

ஆசாரியிடம் தட்டைத் தொட்டில் செய்விப்பது நல்ல வழி. அளவு: உள்ளே 90 க்கு 50 சென்ரிமீற்றர், கம்பிகளுக்கு இடைவெளி 6 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம், மெத்தை இறுக்கமாக 5 சென்ரிமீற்றர் தடிப்பில், ஓரத்தில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி விடாமல். தலையணை, பஞ்சு ஓரம், பொம்மை எதுவும் உள்ளே கூடாது. கடையில் வாங்கினால் ஃபோனின் மட்டம் பார்க்கும் செயலியை மெத்தையில் வைத்துப் பாருங்கள், தட்டையாக இருக்கவேண்டும். 10 பாகைக்கு மேல் சரிவுள்ள படுக்கைகளை விற்பதை அமெரிக்கா 2022 சட்டத்தால் தடை செய்துவிட்டது. இங்கே அவை இன்னும் ஒன்லைனில் வருகின்றன.

சத்தத்துக்குப் பழைய ஃபோன் ஒன்று போதும். மழைச் சத்தத்தை இறக்கி, விமான நிலையில் போட்டு, தொட்டிலில் இருந்து இரண்டு மீற்றர் தள்ளி, பக்கத்தில் நிற்பவரோடு சத்தம் கூட்டாமல் கதைக்கக்கூடிய அளவில் வையுங்கள்.

*பின்னர் சேர்த்தது:* கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்கு மெஷின் தானாக வேகம் கூட்டுகிறதே என்று கேட்டிருந்தீர்கள். மைக்குக்குப் பிள்ளையின் அழுகையா நாதஸ்வரமா என்று எப்போதும் பிரிக்கத் தெரியாது. ஜன்னல் பக்கத்தில் இருந்து உள் சுவருக்கு மாற்றுங்கள். அப்படியும் ஏறினால், சந்தா கட்டாமல் ஆட்டத்தைப் பூட்ட வழி இல்லை. அந்தச் சில இரவுகளுக்கு மெஷினை அணைத்து, அதே மெத்தையில் பையின் கிளிப்பை மாட்டியபடியே படுக்கவைக்கலாம்.