கற்பனை நாகரிகம் உருவாக்குவது எப்படி? வரலாற்று புராஜெக்டுக்கான செய்முறை

'ஒரு கற்பனை நாகரிகத்தை உருவாக்கி வாருங்கள்' என்று ஆசிரியர் சொன்னதும், பெரும்பாலான குழுக்கள் முதல் நாளே அரசர் பெயர், கொடி, கடவுள் என்று ஆரம்பித்துவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கடைசியில் எகிப்தின் பிரமிடும் ரோமானியப் படையும் மாயாக்களின் நாட்காட்டியும் ஒரே சார்ட்டில் ஒட்டப்பட்டிருக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பே இருக்காது. எனவே முதலில் நிலத்தை வரையுங்கள். அடுத்து, அந்த நிலத்தில் எது கிடைக்காது என்று முடிவு செய்யுங்கள். பெயரும் கொடியும் கடைசி நாள் வேலை.

தேவையானவை: ஏ4 தாள்கள், பென்சில், ஸ்கேல், ஒரு நோட்டு, மைதா அல்லது கோதுமை மாவு, தூள் உப்பு, ஒரு குளியல் சோப்பு, பல்குத்தும் குச்சிகள். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு வாரம் தாராளம்.

படி 1: வரைபடம்

தாளைக் குறுக்குவாட்டில் வைத்து, 1 செ.மீ. = 10 கி.மீ. என்று அளவு குறியுங்கள். முதலில் மலை, பிறகு ஆறு. ஆறு மேட்டில் பிறந்து கடலிலோ ஏரியிலோ முடியும். வழியில் துணையாறுகள் வந்து சேரும். அது கிளை கிளையாகப் பிரிவது பெரும்பாலும் கழிமுகத்தில்தான். நடு நாட்டில் ஆற்றை இரண்டாகப் பிளந்து வரைவது அடிக்கடி நடக்கும் தவறு. மலையின் ஒரு பக்கம் நல்ல மழை என்றால் மறுபக்கத்தை வறண்ட நிலமாகக் காட்டுங்கள். ஈரக்காற்று மலையேறும்போதே மழையைக் கொட்டித் தீர்த்துவிடும்.

சுமையோடு நடப்பவர் ஒரு நாளில் 25 முதல் 30 கி.மீ. போவார், வரைபடத்தில் அது வெறும் 3 செ.மீ. எல்லை 24 செ.மீ. தள்ளி இருந்தால் அரசாணை போய்ச் சேர எட்டு நாள், பதில் வர இன்னொரு எட்டு நாள். அப்படிப்பட்ட நாட்டில் எல்லையை ஆள்பவர் உண்மையில் அரசர்தானா, அங்கிருக்கும் ஆளுநரா? உங்கள் அரசியல் பகுதிக்கான விடை ஸ்கேலிலேயே கிடைத்துவிடும்.

படி 2: எது இல்லை?

பழைய மெசபடோமியாவின் (இன்றைய ஈராக்) தென்பகுதியான சுமேரில் ஆறும் களிமண்ணும் ஏராளம். நல்ல மரம், கல், உலோகம் எதுவும் இல்லை. அதனால் அவர்கள் செங்கல்லில் கட்டினார்கள், களிமண் பலகையில் எழுதினார்கள், உலோகத்துக்காகத் தொலைதூர வணிகம் செய்தார்கள். தென் அமெரிக்காவின் இன்காக்கள் சக்கர வண்டியே இல்லாமல், லாமா என்ற சுமை விலங்குகளையும் நடந்து செல்வோரையும் நம்பி மலைகளில் படிக்கட்டுச் சாலை போட்டார்கள். கணக்கை முடிச்சுக் கயிறுகளில் வைத்தார்கள். இல்லாமைதான் ஒரு சமூகத்துக்கு முகம் தருகிறது.

எனவே ஒரே ஒரு முக்கியப் பொருளை உங்கள் நிலத்திலிருந்து நீக்கிவிட்டு, 'அதனால் என்ன?' என்று தொடர்ந்து கேளுங்கள். மரத்தை நீக்கினால், கூரைக்கு நாணல், அடுப்புக்குச் சாணம், ஆற்றில் நாணல் படகு. செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும், அதற்கு மரக்கரி வேண்டும். ஆகவே உலோகக் கருவிகள் அரிது, எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். மரக்கதவு பணக்காரர் வீட்டில் மட்டும் இருக்கும்; திருமணச் சீராகக் கதவு போகும்; கதவைத் திருடினால் கடும் தண்டனை. ஒரு பொருளை எடுத்ததும் வீடு, வணிகம், வழக்கம், சட்டம் நான்கும் தானாகவே வந்துவிட்டன. நோட்டில் ஒவ்வொரு முடிவுக்கும் கீழே 'ஏனெனில்' என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் முடிவை அடித்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

படி 3: சோற்றுக் கணக்கு

பலர் தாண்டிப் போகும் படி இது. ஆனால் ஆசிரியர் கேட்கும் கேள்விகளுக்கு இதுதான் பதில். பழைய வேளாண் சமூகங்களில் பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேர் உணவு விளைவிக்கும் வேலையில்தான் இருந்தார்கள். ஆகவே 2,000 பேர் வாழும் நகரத்துக்குச் சுற்றுக் கிராமங்களில் குறைந்தது 8,000 பேர் தேவை. மொத்தம் 10,000 பேர். ஆளுக்கு ஆண்டுக்கு 200 கிலோ தானியம் என்று வைத்தால் 20 லட்சம் கிலோ. விதை போக ஒரு ஹெக்டேருக்கு 500 கிலோ மிஞ்சுவதாகக் கொண்டால் 4,000 ஹெக்டேர், அதாவது 40 சதுர கி.மீ. வயல். ஆற்றின் இரு கரையிலும் ஒரு கிலோமீட்டர் தூரம் வாய்க்கால் எட்டினால், 20 கி.மீ. நீளக் கரை போதும். வரைபடத்தில் 2 செ.மீ.!

இதே கணக்கை லட்சம் பேர் வாழும் தலைநகருக்குப் போட்டுப் பாருங்கள். ஏன் அப்படிப்பட்ட நகரங்கள் அபூர்வம் என்று புரியும்.

படி 4: எண்ணும் எழுத்தும்

தமிழின் 247 எழுத்துகளுக்கும் ஒவ்வொரு புதுக் குறி வரைந்து வைப்பது வீண் உழைப்பு. அது வெறும் ரகசியக் குறியீடு, இன்னொரு நாகரிகத்தின் எழுத்து அல்ல. மெசபடோமியாவில் எழுத்து பிறந்ததே தானியம், கால்நடைக் கணக்கிலிருந்துதான். நீங்களும் எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினால் 12 வரும். எனவே ஒன்றுக்குப் புள்ளி, 12-க்குக் கோடு, 144-க்குச் சதுரம் என்று வைக்கலாம். 200 மூட்டை என்றால் ஒரு சதுரம், நான்கு கோடு, எட்டுப் புள்ளி (144 + 48 + 8). இதோடு தானியம், ஆடு, உப்பு, படகு, நாள், கடன் போன்றவற்றுக்கு 15 முதல் 20 படக்குறிகள் சேர்த்தால் போதும். ஒவ்வொன்றையும் நான்கு கீறலுக்குள் அடக்குங்கள். களிமண்ணில் வளைவுகள் சரியாக விழாது, நேர்கோடுகள் விழும்.

படி 5: காலக்கோடு

600 ஆண்டுகளுக்கு ஆறேழு நிகழ்வுகள் போதும். ஒவ்வொன்றும் அடுத்ததற்குக் காரணமாக வேண்டும். வீழ்ச்சிக்கு எரிமலை, படையெடுப்பு என்று ஓடாதீர்கள். பாசன நீர் ஆவியாகும்போது மண்ணில் உப்பு தங்கும். வடிகால் இல்லையென்றால் தலைமுறைக்குத் தலைமுறை விளைச்சல் குறையும். கோதுமை முதலில் தோற்கும், பார்லி கொஞ்சம் தாங்கும். பிறகு வரி, பசி, இடம்பெயர்வு. நம்பும்படியான முடிவு இது.

படி 6: தொல்பொருள் செய்தல்

இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு உப்பு, முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பத்து நிமிடம் பிசையுங்கள். கையில் ஒட்டினால் மாவு சேருங்கள். 1 செ.மீ. தடிமனில், உள்ளங்கை அளவுக்குத் தட்டி, குறிகளைக் குச்சியால் அழுத்துங்கள். கீறி இழுத்தால் ஓரம் பிசிறும். நிழலில் மூன்று, நான்கு நாள் காயட்டும். காலையும் மாலையும் திருப்பிப் போடுங்கள். வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முந்திச் சுருங்கி, பலகை வளைந்து வெடிக்கும். ஓவன் இருந்தால் 100 டிகிரியில் இரண்டு, மூன்று மணி நேரம். சூட்டைக் கூட்டினால் உப்பிக்கொள்ளும்.

முத்திரைக்குச் சோப்பில் செதுக்குங்கள். உருவத்தை இட வலம் மாற்றிச் செதுக்க வேண்டும், இல்லையென்றால் பதிவு இட வலம் மாறி விழும். காயாத பலகையில் அழுத்துமுன் சோப்பில் மாவைத் தூவினால் ஒட்டாது. காய்ந்த பலகையில் கெட்டியான தேயிலைச் சாற்றைப் பூசி, ஈரம் காயுமுன் துணியால் துடைத்தால் குழிகளில் மட்டும் நிறம் தங்கும். ஒரு பலகையின் மூலையை வேண்டுமென்றே உடைத்துவிடுங்கள்.

படி 7: காட்சிக்கு வைத்தல்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு: பொருள், அளவு, கிடைத்த இடம், உறுதியாகத் தெரிந்தது, ஊகம். கடைசி இரண்டையும் கலக்காதீர்கள். சுட்ட மண்ணும் கல்லும் நிற்கும். துணி, நாணல், ஓலை மட்கிவிடும். ஆகவே படகைப் பற்றி உங்கள் சீட்டு நேரடியாகப் பேச முடியாது, முத்திரையில் உள்ள படகுச் சித்திரத்தை வைத்துத்தான் பேச முடியும். ஒரு கேள்வியை விடையில்லாமல் விட்டாலும் தவறில்லை. சிந்துவெளி எழுத்தையே இன்னும் உறுதியாகப் படிக்க முடியவில்லை.

இப்போது பெயர் வையுங்கள். பத்து மெய்யொலி, நான்கு உயிரொலி தேர்ந்தெடுத்து, ஆறு, நகரம், அரசர் எல்லாப் பெயர்களையும் அவற்றுக்குள்ளேயே அமையுங்கள். ஒரே மொழி போல ஒலிக்கும். பலகைகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் இரவு முழுக்க வைத்தால் உப்பு ஈரத்தை இழுத்து, காலையில் பலகை பிசுபிசுக்கும்.