வேதாளம் கதை சொல்லும்போது கோட்டை விடும் இடங்கள்

விக்கிரமாதித்தன், வேதாளம் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நிபந்தனையில்தான் சறுக்குகிறார்கள். "பதில் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும்" என்று வேகமாகச் சொல்லிவிட்டுக் கதைக்குள் போய்விடுவார்கள். வேதாளம் சொல்வது அதுவல்ல. பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் தலை வெடிக்கும். வாயைத் திறந்தாலோ மௌனம் கலைந்துவிடும், பிணம் மறுபடி மரத்துக்குப் போய்விடும். அந்தத் 'தெரிந்தும்' என்ற சொல்லை விட்டுவிட்டால் கதையை முடிக்க வழியே இல்லை.

ஏனென்றால் ராஜா தப்பிப்பது அதன் வழியாகத்தான். கடைசிப் புதிரில் ஓர் அரசனும் அவன் மகனும் காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடங்களைப் பார்க்கிறார்கள். பெரிய தடத்துக்காரி தகப்பனுக்கு, சிறிய தடத்துக்காரி மகனுக்கு என்று பேசி முடிக்கிறார்கள். போய்ப் பார்த்தால் பெரிய பாதம் மகளுடையது, சிறிய பாதம் தாயுடையது! பேச்சு மாறக் கூடாதென்று அப்படியே கல்யாணமும் நடக்கிறது. இரு ஜோடிக்கும் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? ராஜாவுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். தலையும் தப்புகிறது, மௌனமும் கலையவில்லை. இதைக் குழந்தைகளுக்குப் பொருந்தாது என்று வெட்டிவிட்டு, 'வேதாளம் மனமிரங்கியது' என்று முடிப்பவர்கள் உண்டு. உறவுச் சிக்கலைக் கொஞ்சம் மழுப்பிச் சொன்னாலும் பரவாயில்லை, ராஜாவுக்குப் பதில் தெரியாமல் போவதை மட்டும் விடக் கூடாது.

இருபத்தைந்து கதை என்றதும் இருபத்தைந்து புதிர் என்று எழுதுவது இன்னொரு தவறு. சோமதேவரின் வடமொழிக் கதைத் தொகுப்பான கதாசரித்சாகரத்தில் புதிர்கள் 24தான். இருபத்தைந்தாவது, ராஜாவைப் பிணம் எடுத்துவர அனுப்பிய துறவியின் சூழ்ச்சி முறியும் கதை. அவன் 10 வருடமாகத் தினம் ஒரு பழம் கொண்டுவந்து கொடுத்தவன். ஒருநாள் குரங்கு ஒன்று அந்தப் பழத்தைக் கடிக்க, உள்ளிருந்து ரத்தினம் விழுகிறது. அதன் பிறகுதான் ராஜா அவனுக்கு உதவ ஒப்புக்கொண்டு சுடுகாட்டுக்கு வருகிறான். நேராக மரத்தடியில் கதையைத் தொடங்கினால், ராஜா எதற்காகப் பிணம் சுமக்கிறான் என்றே கேட்பவருக்குப் புரியாது.

எனக்குப் பிடிக்காத பழக்கம், ஒவ்வொரு கதைக்கும் கீழே 'நீதி' ஒன்றைத் தொங்கவிடுவது. இவை தீர்ப்புக் கதைகள். முதல் கதையில் இளவரசனும் மந்திரி மகனும் சூழ்ச்சி செய்து, பத்மாவதியைச் சூனியக்காரி என்று நம்பவைத்து ஊரைவிட்டுத் துரத்தச் செய்கிறார்கள். பெற்றோர் துக்கத்தில் சாகிறார்கள். அந்தப் பழி யாருக்கு? இளவரசனும் பத்மாவதியும் காதலில் கண் மறைந்தவர்கள், மந்திரி மகன் எஜமானுக்காகச் செய்தவன். ஒற்றர்களை வைத்து விசாரிக்காமல் தண்டனை கொடுத்த அந்த ஊர் அரசன்தான் குற்றவாளி என்கிறான் நம் ராஜா. ஓர் அரசனே அரசன்மேல் பழி போடுகிறான்! இதற்குக் கீழே 'பொய் சொல்லாதே' என்று எழுதினால் என்ன மிஞ்சும்? தீர்ப்பைச் சொல்வதற்கு முன் கேட்பவர்களைச் சண்டை போட விடுங்கள்.

பெயர் விவரங்களிலும் கவனம் வேண்டும். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீர அரசி சூரியமதிக்காகச் சோமதேவர் எழுதியபோது, இந்த ராஜா உஜ்ஜயினி விக்கிரமாதித்தன் அல்ல. கோதாவரிக் கரைப் பிரதிஷ்டானத்தின் திரிவிக்கிரமசேனன். உஜ்ஜயினியை வைத்துச் சொல்வதில் தப்பில்லை, ஆனால் 'மூலத்திலேயே அப்படித்தான்' என்று சொல்லாதீர்கள். சிம்மாசனத்தின் 32 பதுமைகள் சொல்வதும் வேறு நூல். நம் ஊர்ப் பதிப்புகள் இரண்டையும் ஒரே அட்டைக்குள் கட்டியதால் வந்த குழப்பம் அது. அம்புலிமாமா சிறுவர் இதழில் படித்ததெல்லாம் பழங்கதை என்று நம்புவதும் அப்படித்தான். இருபத்தைந்தும் தீர்ந்த பிறகு அந்தச் சட்டகத்துக்குள் புதுக் கதைகளைப் போட்டுப் பல ஆண்டுகள் ஓட்டினார்கள். அவற்றில் சில அருமை.

ரத்தம் குடிக்கும் கோரைப்பல் பேயாக வேதாளத்தை வரைய வேண்டாம். அது பிணத்துக்குள் குடியேறும் ஆவி. கடைசியில் ராஜாவின் உயிரைக் காப்பாற்றுவதும் அதுதான்.

மரத்தை மட்டும் திருத்தப் போகாதீர்கள். வடமொழியில் சிம்சபா மரம், தமிழில் முருங்கை. பழமொழியே ஆகிவிட்டது, இனி இறக்க முடியாது. முருங்கைக் கிளை பிணத்தின் கனம் தாங்குமா என்று பிள்ளை கேட்டால், அது உங்கள் பாடு.